ஃபிஞ்சு உடலில் ஒளிந்திருக்கும் நிற மரபணுவைக் கண்டறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சாம்பல் நிற ஜீப்ரா ஃபிஞ்சு ஜோடி ஒன்று. ஐந்து முட்டை, ஐந்து குஞ்சு. இறகு முளைக்கும் நாளில் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் நான்கு சாம்பல், ஒன்று மட்டும் பால் வெள்ளை. முதல் முறை இதைப் பார்ப்பவர்கள் திகைத்துப்போவார்கள். அந்த வெள்ளை, அப்பாவிடமும் அம்மாவிடமும் ஒவ்வொரு பிரதியாகப் பல தலைமுறை பேசாமல் இருந்த மரபணு. இரண்டும் ஒரே முட்டையில் சந்தித்தபோது வெளியே வந்துவிட்டது. இப்படி ஒற்றைப் பிரதியைச் சுமந்துகொண்டு வெளியில் சாதாரணமாகத் தெரியும் பறவையைத்தான் வளர்ப்பவர்கள் ‘ஸ்பிளிட்’ என்கிறோம். நிறம் வெளிப்படையாகத் தெரிந்தால் ‘விஷுவல்’.

ஸ்பிளிட் பறவையைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்விதான் எல்லோருக்கும். என் பதில் இது: சில மரபணுக்கள் உறுதியான அடையாளம் தரும், சில சந்தேகப்படும் அளவுக்கு ஒரு குறி காட்டும், பெரும்பாலானவை எதையும் காட்டாது. எந்த மரபணு எந்த வகை என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் கண் ஏமாறாது. அதனால் பறவையைப் பிடித்து இறகைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது.

படி 1: இந்தப் பறவையால் எதை ஒளித்துவைக்க முடியும்?

நிற மரபணுக்களை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது ஓங்கு பண்பு. ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிந்துவிடும். ஜீப்ரா ஃபிஞ்சில் கொண்டை உள்ள கிரெஸ்டட், உடல் வெளிறிய டாமினன்ட் சில்வர் ஆகியவை இந்த வகை. கொண்டை இல்லாத பறவையை ‘கிரெஸ்டட் ஸ்பிளிட்’ என்று யாராவது விற்றால் அப்படி ஒரு பறவையே கிடையாது. (கொண்டை உள்ள இரண்டைச் சேர்க்காதீர்கள். இரண்டு பிரதியும் கிடைத்த கரு பிழைக்காது.)

இரண்டாவது ஒடுங்கு பண்பு. வெண்திட்டு விழும் பைட், வெள்ளை, மார்பும் வயிறும் வெளுத்த பெங்குயின், பிளாக் பிரெஸ்ட், ஆரஞ்சு பிரெஸ்ட், பிளாக் சீக், மஞ்சள் அலகு எல்லாம் இதில் வரும். இரண்டு பிரதி இருந்தால்தான் நிறம் தெரியும். ஆணும் ஸ்பிளிட்டாக இருக்கலாம், பெட்டையும் இருக்கலாம்.

மூன்றாவது, ஆணா பெட்டையா என்பதைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கும் ஒடுங்கு பண்பு. ஜீப்ராவில் உடல் இளம்பழுப்பான ஃபான், முதுகு வெளிறிய லைட்பேக், பழுப்பு விலாவோடு உடல் வெளுத்த செஸ்ட்நட் ஃபிளாங்க்டு ஒயிட் (சி.எஃப்.டபிள்யூ.) ஆகியவை இப்படிப்பட்டவை. கூல்டியன் ஃபிஞ்சில் கறுப்புத் தலை இந்த வகை. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான் தீர்கிறது.

மனிதர்களில் ஆணுக்கு எக்ஸ், ஒய் என்று இரண்டு வேறுபட்ட குரோமோசோம்கள். பறவைகளில் இது தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஃபான் மரபணு இசட்டில் இருக்கிறது. பெட்டையிடம் ஒரே இசட்தான். அதில் ஃபான் இருந்தால் அவள் ஃபான் நிறத்தில் இருப்பாள், இல்லையென்றால் சாம்பல். மறைத்துவைக்க அவளுக்கு இரண்டாவது இடமே இல்லை. ஆகவே சாம்பல் பெட்டை ஒருபோதும் ஃபான் ஸ்பிளிட்டாக இருக்க முடியாது. லைட்பேக்குக்கும் சி.எஃப்.டபிள்யூ.வுக்கும் இதே சட்டம்தான்.

இந்த ஒரு விதியை மனதில் வைத்தால் எத்தனையோ ‘அடையாளங்கள்’ தானாக உதிர்ந்துவிடும். சாம்பல் பெட்டையின் முதுகில் கொஞ்சம் பழுப்புச் சாயல் இருக்கிறதே, ஃபான் ஸ்பிளிட்டா என்று கேட்பவருக்கு இறகைப் பார்க்காமலே பதில் சொல்லலாம்.

லைட்பேக்கும் சி.எஃப்.டபிள்யூ.வும் ஒரே இடத்துக்கு உரிய இரண்டு மாற்றுருக்கள், அதாவது ஒரே மரபணுவின் இரு வடிவங்கள். ஓர் ஆண் ஒரு இசட்டில் லைட்பேக்கும் மற்றதில் சி.எஃப்.டபிள்யூ.வும் வைத்திருந்தால் லைட்பேக் தோற்றமே மேலோங்கும். எனவே லைட்பேக் ஆணுக்குள் சி.எஃப்.டபிள்யூ. இருக்கலாம். லைட்பேக் பெட்டைக்குள் இருக்காது.

படி 2: பார்க்கும் முறையைச் சரிசெய்யுங்கள்

கூண்டுக்கு வெளியே நின்று பார்ப்பது போதாது. பறவையைக் கையில் எடுத்து, மேகமூட்டமான பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரம் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் சாம்பல்கூட ஃபான்போலத் தெரியும். கழுத்தைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் தளர்வாக வைத்து, முதுகு உள்ளங்கையில் படும்படி பிடியுங்கள். நெஞ்சை அழுத்தாதீர்கள். ஃபிஞ்சு மூச்சுவிட நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைய வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் வைக்க வேண்டாம். மெதுவாக ஊதி இறகை விலக்கிப் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், விட்டுவிடுங்கள். மீதியைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது பார்ப்பது என்பதும் முக்கியம். முழு இறகு உதிர்ப்பு முடிந்து புது இறகு வந்த நேரமே சிறந்தது. பல ஈடு குஞ்சு வளர்த்துக் களைத்த பறவையின் இறகு வெளிறி, ஓரம் தேய்ந்திருக்கும். அதைப் பார்த்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. ஜீப்ரா குஞ்சு மூன்று மாதத்தை ஒட்டி முதிர்ந்த நிறத்துக்கு வந்துவிடும். கூல்டியன் அதைவிட மிக மெதுவானது. பச்சை-சாம்பல் குஞ்சு நிறம் முழுவதும் மாறும்வரை காத்திருக்க வேண்டும்.

ஐந்து இடங்களைப் படம் எடுங்கள்: அலகுக்குக் கீழ் தாடை, மார்புப் பட்டை, விலாப் புள்ளிகள், விரித்த இறக்கை, வாலின் மேல்பகுதி. கூல்டியன் என்றால் அலகு நுனியும் சேர்த்து ஆறு.

படி 3: ஜீப்ரா ஃபிஞ்சில் குறிகளைப் படிப்பது

ஒற்றைப் பிரதி ஏன் சில நேரம் லேசாக வெளியே தெரிகிறது? நிறமிச் செல்கள் கருவில் முதுகுத்தண்டை ஒட்டிய பகுதியில் தோன்றி, அங்கிருந்து உடல் முழுவதும் பரவிச் செல்கின்றன. தாடை, வயிறு, இறக்கை நுனி எல்லாம் அவை கடைசியாகச் சென்று சேரும் ஓரங்கள். பைட் போல வெண்திட்டு உண்டாக்கும் மரபணுவில் ஒற்றைப் பிரதி இருந்தாலும் அந்தப் பயணம் கொஞ்சம் தடைபடலாம். அப்போது ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை மிஞ்சும். ஃபான் மாதிரி நிறமியின் வகையையே மாற்றும் மரபணுக்களின் கதை வேறு. அங்கே நல்ல பிரதி ஒன்றே முழு வேலையையும் செய்துவிடும். அதனால்தான் ஃபான் ஸ்பிளிட் ஆணிடம் எந்தக் குறியும் தேடிக் கிடைக்காது.

பைட்: முதலில் அலகுக்கு நேர் கீழே பாருங்கள். இரண்டு மூன்று வெள்ளை இறகு சேர்ந்த சிறு திட்டு பெட்டைகளில் எளிதாகத் தெரியும், ஏனென்றால் ஆணின் தாடையில் கறுப்பு-வெள்ளை வரிகள் ஏற்கெனவே உண்டு. அடுத்து இறக்கையை விரித்துப் பறக்கும் இறகுகளில் முழுவதும் வெள்ளையான ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். திட்டு இருந்தால் பைட் சந்தேகம் கூடும். இல்லையென்றால் குறையாது, ஏனென்றால் குறியே இல்லாத பைட் ஸ்பிளிட்கள் நிறைய.

பிளாக் பிரெஸ்ட்: இரண்டு பிரதி உள்ள பறவையில் மார்பின் கறுப்பு அகன்றிருக்கும், விலாவின் வட்டப் புள்ளிகள் நீண்டு கோடுபோல ஆகியிருக்கும், கண்ணுக்குக் கீழே இறங்கும் கறுப்புக் கண்ணீர்க் கோடு காணாமல் போயிருக்கும், வாலின் குறுக்குவரிகளும் வடிவம் மாறியிருக்கும். ஸ்பிளிட் ஆணில் இவற்றின் நிழல் சில நேரம் விழும். விலாப் புள்ளிகளை எண்ணாதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். சாதாரண ஆணில் வெள்ளைப் புள்ளிகள் பொட்டு வைத்ததுபோல் உருண்டையாக இருக்கும். அதில் பல நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் கவனியுங்கள். பெட்டையில் பார்க்க விலாப் புள்ளியே இல்லை என்பதால் இந்தக் குறி ஆணுக்கு மட்டும்தான்.

ஆரஞ்சு பிரெஸ்ட்: கறுப்பு இருக்க வேண்டிய மார்புப் பட்டையிலும் கண்ணீர்க் கோட்டிலும் ஆரஞ்சு வருவது இந்த மரபணுவின் வேலை. ஸ்பிளிட் பறவையின் கறுப்பு மார்புப் பட்டையைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புக்குள் செம்பழுப்பு நுனியுள்ள இறகுகள் ஒன்றிரண்டு கலந்திருந்தால் சந்தேகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். தேய்ந்த பழைய கறுப்பு இறகும் பழுப்பாகத் தெரியும். புது இறகில் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

பிளாக் சீக் விஷயத்தில் ஆணின் ஆரஞ்சுக் கன்னத்துக்குள் கறுப்பு இறகு சிதறியிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். நான் இதற்கு மிகக் குறைந்த மதிப்பே தருவேன், ஏனென்றால் கன்னத்தில் அடிபட்டு முளைத்த இறகும் நிறம் மாறி வரும்.

வெள்ளை, பெங்குயின் இரண்டுக்கும் நம்பத்தக்க உடல் அடையாளம் இல்லை. சாம்பல் பறவையைப் பார்த்து ‘இது வெள்ளை ஸ்பிளிட்’ என்று யாராலும் சொல்ல முடியாது.

மஞ்சள் அலகு தனிக் கதை. உணவில் கிடைக்கும் கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமியை அலகுக்கான சிவப்பாக மாற்றும் நொதியின் மரபணுத் தொகுதியை 2016-இல் ஆய்வாளர்கள் இந்த மஞ்சள் அலகுப் பறவைகளை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். மாற்றும் நொதி பழுதானால் அலகு மஞ்சளாகவே நின்றுவிடும். ஒரு நல்ல பிரதி இருந்தால் சிவப்பு வந்துவிடும். அலகு வெளிறியிருப்பதை ஸ்பிளிட்டின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடல்நலமும் உணவும் அலகின் சிவப்பை ஏற்றி இறக்கும். பெட்டையின் அலகு இயல்பிலேயே ஆணைவிட வெளிறிய ஆரஞ்சு.

படி 4: கூல்டியன் ஃபிஞ்சும் அலகு நுனியும்

ஃபிஞ்சு வளர்ப்பில் எனக்கு மிகப் பிடித்த அடையாளம் இதுதான், ஏனென்றால் இது ஊகம் கேட்காத அடையாளம்.

வட ஆஸ்திரேலியக் காட்டில் கூல்டியன்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு கறுப்புத் தலை, மூன்று சிவப்புத் தலை. மஞ்சள் தலை அபூர்வம். கறுப்பா சிவப்பா என்பதை இசட் குரோமோசோமில் ஃபொலிஸ்டாட்டின் மரபணுவுக்கு அருகே உள்ள பகுதி தீர்மானிக்கிறது. 2018, 2019-இல் வெளியான ஆய்வுகள் இதை நிறுவின. சிவப்பு ஓங்கு, கறுப்பு ஒடுங்கு. மஞ்சள் தலை வேறொரு மரபணு. அது பால் குரோமோசோமில் இல்லை, ஒடுங்கு பண்பு, சிவப்பு நிறமி உருவாவதைத் தடுக்கிறது.

ஒரு பறவையிடம் இரண்டு மஞ்சள் பிரதியும் இருக்கிறது, ஆனால் தலை கறுப்பு என்றால் என்ன ஆகும்? தலையில் சிவப்புக்கு வேலையே இல்லாததால் மஞ்சளும் தெரியாது. ஆனால் அலகு நுனியில் கரோட்டினாய்டு நிறம் உண்டு. சாதாரணக் கறுப்புத் தலைக்கு நுனி சிவப்பு. இரண்டு மஞ்சள் பிரதி உள்ள கறுப்புத் தலைக்கு நுனி மஞ்சள். பார்வைக்குக் கறுப்பு, உள்ளே முழு மஞ்சள். இந்த ஒரு மில்லிமீட்டர் நிறம் மரபணுவை எழுதிக் காட்டுகிறது.

படிப்பதற்கு நேரம் பார்க்க வேண்டும். ஆண் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது அலகு முத்துபோல் வெளுத்து, நுனி பளிச்சென்று இருக்கும். ஆணை அப்போது பாருங்கள். பெட்டை தயாராகும்போது அலகு முழுவதும் கருத்து நுனி மறைந்துவிடும். அவளை ஓய்வுக்காலத்தில் பாருங்கள். இதை அறியாமல் கருத்த அலகைப் பார்த்து முடிவுசெய்தால் பிழையாகிவிடும்.

அலகு நுனி சொல்லாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிவப்பு நுனியுள்ள கறுப்புத் தலைக்குள் ஒற்றை மஞ்சள் பிரதி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிவப்புத் தலைக்கும் அப்படியே. ஒற்றைப் பிரதியை அலகு காட்டாது.

இன்னொரு பிழை: சிவப்புத் தலைப் பெட்டையின் முகத்தில் கறுப்பு இறகுகள் கலந்திருப்பதைப் பார்த்து ‘கறுப்பு ஸ்பிளிட்’ என்பார்கள். படி 1-ஐ நினைவுகூருங்கள். அவளிடம் ஒரே இசட். அதில் சிவப்பு இருப்பதால்தான் தலை சிவப்பு. கறுப்பை வைக்க இடமில்லை. பெட்டைகளின் சிவப்பு முகமூடி ஆணுடையதைப்போல முழுமையாக நிரம்புவது குறைவு, அவ்வளவே. ஆணிலும் சிதறிய கறுப்பு இறகை வைத்து ஸ்பிளிட் என்று உறுதி சொல்ல முடியாது.

மார்பு நிறத்துக்கு வந்தால், ஊதா, இளஊதா, வெள்ளை ஆகிய மூன்றும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும் மாற்றுருக்கள். ஊதா மேலே, இளஊதா நடுவில், வெள்ளை கடைசியில். ஊதா மார்புப் பறவைக்குள் இளஊதாவோ வெள்ளையோ ஒன்று ஒளிந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது, ஏனென்றால் மொத்தம் இரண்டு பிரதிதான், அதில் ஒன்று ஊதாவுக்குப் போய்விட்டது. ‘ஊதா மார்பு, இளஊதா மற்றும் வெள்ளை ஸ்பிளிட்’ என்று எழுதியிருந்தால் அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உடல் மஞ்சளையும் தலை மஞ்சளையும் புதியவர்கள் குழப்பிக்கொள்வார்கள். உடலை மஞ்சளாக்கும் மரபணு இசட்டில் இருப்பது, ஒற்றைப் பிரதியிலேயே பாதி தெரிந்துவிடும். ஊதா மார்புள்ள ஆணிடம் ஒரு பிரதி இருந்தால் பச்சை முதுகு வெளிறி ‘டைலியூட்’ ஆகும், கறுப்பு முகம் சாம்பலாகும். இரண்டு இருந்தால் முழு மஞ்சள். வெள்ளை மார்பு சேர்ந்தால் ஒற்றைப் பிரதியே மஞ்சள் உடலைத் தந்துவிடும். ஆகவே கரும்பச்சை முதுகுள்ள ஆணுக்குள் இது ஒளிந்திருக்க வழியில்லை. பெட்டை ஒன்று மஞ்சள், இல்லையேல் பச்சை. டைலியூட் பெட்டை கிடையாது.

படி 5: போர்வைக்குள் இருக்கும் பறவைகள்

இதுவரை ஒற்றைப் பிரதி மறைவதைப் பார்த்தோம். இன்னொரு வகை மறைவு உண்டு. ஒரு நிறம் மற்ற எல்லா நிறத்தையும் போர்த்திவிடும்.

வெள்ளை ஜீப்ரா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடலில் நிறமியே இல்லாததால் உள்ளே ஃபானா, பிளாக் பிரெஸ்டா, டாமினன்ட் சில்வரா என்று தெரியாது. ஓங்கு பண்பைக்கூட இந்தப் போர்வை மறைத்துவிடும். தப்பித்து வெளியே தெரிபவை இரண்டு: கொண்டை, ஏனென்றால் அது இறகின் அமைப்பு, அலகின் நிறம், ஏனென்றால் அது இறகுக்குக் கறுப்பும் பழுப்பும் தரும் மெலனின் நிறமி சார்ந்தது இல்லை. மஞ்சள் அலகு வெள்ளையிலும் மஞ்சளாகவே தெரியும். குஞ்சுப் பருவத்தில் பல வெள்ளைகளின் முதுகில் நிறச் சிதறல்கள் இருக்கும், முதல் உதிர்ப்பில் போய்விடும். அந்தச் சிதறல் சாம்பலா பழுப்பா என்று அந்தச் சில வாரங்களில் படம் எடுத்து வையுங்கள். பிறகு அந்த வாய்ப்பு வராது.

வெள்ளை என்று வாங்கும் பெட்டை உண்மையில் சி.எஃப்.டபிள்யூ.வா என்றும் பாருங்கள். சி.எஃப்.டபிள்யூ. பெட்டை கிட்டத்தட்ட வெள்ளைதான், ஆனால் கண்ணீர்க் கோடும் வால் வரியும் மங்கலாக நிற்கும். இனப்பெருக்கக் கணக்கில் இரண்டும் முற்றிலும் வேறு. கூட்டிலேயே பிரித்தறிய வேண்டுமானால் பொரித்த முதல் நாட்களில் மூடிய இமை வழியே கண்ணைப் பாருங்கள். சி.எஃப்.டபிள்யூ. குஞ்சின் கண் சிவந்து தெரியும், நாளாக ஆகக் கருத்துவிடும்.

நீலக் கூல்டியனும் ஒரு போர்வை. மஞ்சள், சிவப்பு நிறமிகள் இறகுக்கு வராததால் சிவப்புத் தலையும் மஞ்சள் தலையும் வெளிறிய மணல் நிறமாக ஒன்றுபோல் நிற்கும். அலகு நுனியும் இங்கே உதவாது.

படி 6: பொய்க் குறிகளைக் கழியுங்கள்

எனக்கு வலித்த பாடம் ஒன்று. ‘பைட் ஸ்பிளிட்’ என்று சொல்லிக் கொடுத்த ஒரு சாம்பல் பெட்டைக்குத் தாடையில் அழகான வெள்ளைத் திட்டு இருந்தது. பைட் ஆணோடு சேர்த்தேன். இரண்டு ஈடு, ஒன்பது குஞ்சு, ஒன்றுகூடப் பைட் இல்லை. அடுத்த இறகு உதிர்ப்பில் அந்தத் திட்டும் சாம்பலாகிவிட்டது. யாரோ கொத்தியதில் காயப்பட்ட இடத்தில் நிறமில்லாமல் முளைத்த இறகு அது. அந்தப் பெட்டைமேல் எந்தக் குற்றமும் இல்லை, நான் ஒரு உதிர்ப்புக் காலம் காத்திருக்காததுதான் பிழை.

கொத்துப்பட்ட பிடரி, கூண்டுக் கம்பியில் உரசிய நெற்றி, குஞ்சாக இருக்கும்போது பெற்றோர் இறகு பிடுங்கிய முதுகு எல்லாம் வெள்ளை இறகு முளைக்கும் இடங்கள். வளரும் காலத்தில் புரதக் குறைபாடு பட்டால் பறக்கும் இறகில் வெளிறல் வரலாம். குறிப்பாக லைசின் குறைந்தால் நிறமி குறையும் என்பது வான்கோழிகளில் நன்கு தெரிந்த செய்தி. சத்துக் குறைவிலும் நோயிலும் கறுப்பு கூடுவதும் உண்டு.

எனவே எந்தக் குறியையும் இரண்டு உதிர்ப்புவரை தொடருங்கள். அதே இடத்தில் அதே அளவில் திரும்பி வந்தால் மரபுக் காரணம் இருக்கலாம். மறைந்தால், இடம் மாறினால் விட்டுவிடுங்கள். உங்களிடம் உள்ள, பரம்பரை நன்றாகத் தெரிந்த, ஸ்பிளிட் இல்லாத பறவைகளிலும் அதே குறியைத் தேடுங்கள். அவற்றிலும் அடிக்கடி இருந்தால் அந்தக் குறிக்கு மதிப்பில்லை. பெரும்பாலானோர் சந்தேகப் பறவையை மட்டும் பார்க்கிறார்கள், ஒப்பிடும் பறவையைப் பார்ப்பதில்லை. காதல் பறவை, பட்ஜெரிகர் வளர்ப்பிலிருந்து வருபவர்கள் பின்தலைப் புள்ளி, வெளிறிய நகம் போன்ற கிளி இன அடையாளங்களையும் கையோடு கொண்டுவருவார்கள். ஃபிஞ்சுக்கு அவற்றைப் பொருத்த வேண்டாம்.

படி 7: பெற்றோரைக் கேளுங்கள்

இறகைவிடப் பரம்பரை அதிகம் பேசும். மூன்று கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

பெற்றோரில் ஒருவர் ஒடுங்கு பண்பின் விஷுவல் என்றால், சாதாரண நிறத்தில் பிறந்த எல்லாக் குஞ்சும் உறுதியாக ஸ்பிளிட். குறி தேவையில்லை. பால் குரோமோசோம் பண்பில் ஃபான் பெட்டைக்கும் சாம்பல் ஆணுக்கும் பிறந்த சாம்பல் ஆண்கள் எல்லாம் ஸ்பிளிட், சாம்பல் பெட்டைகளில் எதுவும் ஸ்பிளிட் இல்லை.

பெற்றோர் இருவரும் ஸ்பிளிட் என்றால், சாதாரண நிறக் குஞ்சு ஒவ்வொன்றும் ஸ்பிளிட்டாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. தொடக்கத்தில் சொன்ன வெள்ளைக் குஞ்சின் நான்கு சாம்பல் உடன்பிறப்புகளுக்கும் இதே கணக்குதான்.

ஒருவர் மட்டும் ஸ்பிளிட், மற்றவர் தூய சாதாரணம் என்றால் பாதி. பால் குரோமோசோம் பண்பில் இந்தப் பாதி, ஸ்பிளிட் ஆணின் மகன்களுக்கு மட்டும் பொருந்தும்.

ஒரு சோதனையும் இதில் உண்டு. சாம்பல் ஆணுக்கும் சாம்பல் பெட்டைக்கும் ஃபான் குஞ்சு பிறந்தால் அது பெட்டையாகத்தான் இருக்க வேண்டும். ஆரஞ்சுக் கன்னத்தோடு ஃபான் ஆணாக வளர்ந்தால், அந்த ஜோடியின் குஞ்சு இல்லை என்று பொருள். பெரிய கூண்டில் பல ஜோடிகளைச் சேர்த்து வளர்க்கும்போது ஜீப்ரா பெட்டை பிறர் கூட்டில் முட்டை இடுவது நடக்கும்.

படி 8: சோதனை ஜோடி

உறுதி வேண்டுமானால் குஞ்சுதான் சாட்சி. ஒரு கூண்டில் ஒரே ஜோடி. பெட்டை இதற்குமுன் வேறு ஆணோடு இருந்தால் மூன்று வாரம் தனியே வையுங்கள், ஏனென்றால் முந்தைய ஆணின் விந்து அவள் உடலில் பல நாட்கள் உயிரோடு தங்கி முட்டையைக் கருவுறச் செய்யும்.

சாதாரண ஒடுங்கு பண்புக்கு, சந்தேகப் பறவையை அதே நிறத்தின் விஷுவலோடு சேருங்கள். ஒரு விஷுவல் குஞ்சு வந்தால் போதும், ஸ்பிளிட் உறுதி. வரவில்லை என்றால் எண்ண வேண்டும். உண்மையில் ஸ்பிளிட்டாக இருந்தால் ஒவ்வொரு குஞ்சும் சாதாரணமாக வர பாதி வாய்ப்பு. ஐந்து குஞ்சும் சாதாரணமாக வர 32-இல் ஒன்று, ஏழும் அப்படியே வர 128-இல் ஒன்று. என் பெட்டையின் ஒன்பது குஞ்சுக்கு 512-இல் ஒன்று.

ஃபான் போன்ற பண்புக்குச் சந்தேக ஆணைச் சாம்பல் பெட்டையோடு சேர்த்தாலே போதும். மகள்களை மட்டும் எண்ணுங்கள், மகன்களிடமிருந்து எந்தச் செய்தியும் கிடைக்காது. ஐந்து மகள்களும் சாம்பல் என்றால் அதே 32-இல் ஒன்று.

மூன்று குஞ்சோடு சோதனை நின்றுவிட்டால்? இரண்டு ஸ்பிளிட்களுக்குப் பிறந்த 24 சாம்பல் பறவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 16 ஸ்பிளிட், 8 இல்லை. ஒவ்வொன்றும் விஷுவல் துணையோடு மூன்று குஞ்சு பொரிக்கிறது. ஸ்பிளிட் பதினாறில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 2 பறவைக்கு மட்டும் மூன்றும் சாதாரணமாக வரும். மற்ற எட்டுக்கும் கட்டாயம் அப்படித்தான் வரும். ஆக, மூன்று குஞ்சும் சாதாரணமாக வந்த 10 பறவைகளில் 2 இன்னும் ஸ்பிளிட். மூன்றில் இரண்டாக இருந்த வாய்ப்பு ஐந்தில் ஒன்றாக இறங்கியிருக்கிறது, பூஜ்யமாகவில்லை.

பெட்டையை வதைக்கும் அளவுக்குச் சோதனை வேண்டாம். இரண்டு மூன்று ஈட்டுக்குப் பிறகு நீண்ட ஓய்வு கொடுங்கள். கணக்கு அடுத்த ஆண்டும் தொடரலாம். அம்மாவோடு மகனைச் சேர்த்துச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. நெருங்கிய உறவில் பலவீனமும் சேர்ந்தே வெளியே வரும் என்பதால் வேறு துணை கிடைக்கும்போது அதைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 9: குறிப்பேடு

ஒவ்வொரு பறவைக்கும் எண்ணிட்ட கால் வளையம், ஒரு பக்கம். அதில் ‘ஸ்பிளிட்’ என்று மட்டும் எழுதாமல், எப்படித் தெரியும் என்பதையும் எழுதுங்கள். நான் மூன்று சொற்களை வைத்திருக்கிறேன். அப்பாவோ அம்மாவோ விஷுவல் என்றாலும், அந்தப் பறவைக்கே விஷுவல் குஞ்சு பிறந்திருந்தாலும் ‘உறுதி’. பெற்றோர் கணக்கில் மட்டும் வருவது ‘வாய்ப்பு’, பக்கத்தில் மூன்றில் இரண்டா பாதியா என்ற எண். உடல் குறியை மட்டும் வைத்துச் சொல்வது ‘சந்தேகம்’, பக்கத்தில் குறி இருக்கும் இடமும் முதல் படம் எடுத்த தேதியும். பறவை வேறு வீட்டுக்குப் போகும் நாளில் அந்தப் பக்கத்தின் நகலையும் கூண்டோடு கொடுத்து அனுப்புங்கள். அடுத்த ஈட்டின் முடிவை அவர்கள் திருப்பிச் சொன்னால், அதையும் அந்தப் பறவையின் பக்கத்திலேயே சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.